ஜார் உட்கார்ந்தால் போதுமா?

மிக்ஸி ஜாரைத் தூக்கிவிட்டு, கீழே இருக்கும் மோட்டார் பெட்டியின் மேல்பக்கத்தைப் பாருங்கள். நடுவில் பல் வைத்த குட்டிச் சக்கரம் ஒன்று இருக்கும். ரிப்பேர் கடையில் அதைக் கப்ளர் என்பார்கள். ஜாரின் அடியில் அதற்கு ஜோடியாக இன்னொன்று. இந்த இரண்டும் கவ்விக்கொள்வதால்தான் மோட்டாரின் சுழற்சி பிளேடு வரை ஏறுகிறது. சுற்றிலும் ஜாரைத் திருகிப் பூட்டுவதற்கான காடிகள். மேலே மூடிக்குள் ரப்பர் கேஸ்கட். சக்தியைக் கடத்துவது, ஆடாமல் பிடிப்பது, சிந்தாமல் அடைப்பது, பொருந்தாத ஜாரை ஏறவிடாமல் தடுப்பது என்று ஒரு ஜாருக்குள் நான்கு வேலைகள் நடக்கின்றன.

நான்காவதில்தான் வம்பு. ஒரு கம்பெனி ஜார் இன்னொரு கம்பெனி மிக்ஸியின் மேல் சில சமயம் எப்படியோ உட்கார்ந்துவிடும். சுவிட்சைப் போட்டால் சுற்றவும் செய்யும். ஆனால் பற்களின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். தேங்காய்ச் சட்னிக்குத் தாங்கும், ஊறவைத்த உளுந்தைப் போட்டதும் கரகரவென்று கத்தும். சில நாளில் கப்ளர் மொட்டையாகிவிடும். "மிக்ஸி ரிப்பேர்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். மோட்டாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

சிசிடிவி கேமரா, ரவுட்டர், சார்ஜர் என்று வீட்டிலும் கடையிலும் ஓடும் கேபிள்களின் முனைகளுக்கும் இதே நான்கு வேலைகள்தான். "கேமரா போயிடுச்சு", "நெட் விட்டு விட்டு வருது" என்று ஆளைக் கூப்பிட்ட பிறகு பார்த்தால், பல சமயம் ஏதோ ஒரு முனை உட்கார்ந்திருக்கும், கவ்வியிருக்காது. எந்த முனை எப்படிக் கவ்வுகிறது, எங்கே ஏமாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கலாம்.

திருகிப் பூட்டும் முனை

சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் "பிஎன்சி, டிசி" என்று ஒரே மூச்சில் கேட்டால் போதும், இரண்டு பொட்டலம் வந்துவிடும். சிசிடிவி போடுபவர்களுக்கு அவை இணைபிரியாதவை. கேமராவிலிருந்து படம் வருவது பிஎன்சி வழியாக, கேமராவுக்குக் கரண்ட் போவது டிசி பின் வழியாக.

இரண்டில் பிஎன்சிதான் மிக்ஸிக்கு நெருங்கிய உறவு. கேமரா பக்கத்து முனையில் இரண்டு குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். கேபிள் பக்கத்து வளையத்தில் சாய்ந்த காடிகள். வைத்து அழுத்தி, கால் சுற்று திருகினால் 'டக்'கென்று விழும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பெயரில் உள்ள பி இந்தத் திருகு பூட்டைக் குறிக்கிறது. என், சி இரண்டும் பெல் ஆய்வகத்தின் பால் நீல், ஆம்ஃபெனால் கம்பெனியின் கார்ல் கான்செல்மன் என்ற பொறியாளர்களின் பெயர்களிலிருந்து வந்தவை. ஆனால் காப்புரிமை ஹேசல்டைன் கம்பெனியின் ஆக்டேவியோ சலாட்டி கைக்குப் போனது. 1945-இல் விண்ணப்பித்தார், 1951-இல் கிடைத்தது. பெயரில் அவருக்கு ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

பிஎன்சியின் நடுவில் இருக்கும் ஊசி படத்தைக் கடத்துகிறது. அதைச் சுற்றியுள்ள உலோக ஓடு, கேபிளுக்குள் இருக்கும் பின்னல் கம்பியோடு சேர்ந்து, மூடியும் கேஸ்கட்டும் செய்கிற வேலையைச் செய்கிறது. உள்ளே இருப்பது வெளியே சிந்தாது, பக்கத்தில் ஓடும் மோட்டாரின் இரைச்சல் உள்ளே இறங்காது. கேபிளை உரிக்கும்போது பின்னலின் ஒரே ஓர் இழை வளைந்து நடு ஊசியைத் தொட்டுவிட்டால் படம் காலி. பின்னலை முழுதாகச் சுற்றிப் பிடிக்காமல் ஒரு மூலையில் மட்டும் முறுக்கி விட்டால், படத்தின் மேல் பட்டை பட்டையாக ஏதோ மிதந்துகொண்டிருக்கும். முனையில் ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் ரெடிமேட் பிஎன்சியை வாங்கி, கேபிளோடு முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றி முடிப்பது நம் ஊர்ப் பழக்கம். சீக்கிரம் வேலை முடியும். முதல் மழை வரை படமும் நன்றாக இருக்கும். கிரிம்ப் கருவியால் வளையத்தை அழுத்திப் பொருத்துவதற்கு இன்னும் சில நிமிடம்தான் கூடுதல் என்பதால், இந்தச் சோம்பேறித்தனம் எனக்குப் புரிவதே இல்லை.

பிஎன்சியில் 50 ஓம், 75 ஓம் என்று இரண்டு ரகம் உண்டு. வீடியோவுக்கு 75. இரண்டும் ஒன்றில் ஒன்று அழகாகப் பூட்டிக்கொள்ளும், அதுதான் சிக்கல். இந்த ஓம் மல்டிமீட்டரில் காட்டும் ஓம் கிடையாது. கேபிளுக்குள் ஓடும் அலைக்கு அந்தப் பாதை காட்டும் குணம் அது. 75-இல் ஓடிவந்த அலை திடீரென்று 50-ஐச் சந்தித்தால், அதன் வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். இதை விளக்க மிக்ஸியிடம் சரக்கு இல்லை, அலை விஷயம் அரைக்கும் விஷயம் அல்ல. ஆனாலும் கடைக் கேமராவில் தவறான பின்னைப் போட்டவருக்கும் படம் வந்துவிடுகிறது. காரணம், அங்கே ஓடும் அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் பின் மிகச் சிறியது. அலை அதைக் கவனிப்பதற்குள் தாண்டிவிடுகிறது. அதே பின்னை விநாடிக்கு 3 ஜிகாபிட் ஓடும் டிவி ஸ்டூடியோ கேபிளில் போட்டால் சாயம் வெளுத்துவிடும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க்கும் ஒரு காலத்தில் இதே பிஎன்சியில்தான் ஓடியது. 50 ஓம் கேபிள், ஒரு வரிக்கு அதிகபட்சம் 185 மீட்டர், ஒவ்வொரு கம்ப்யூட்டரின் முதுகிலும் டி வடிவ முனை, இரண்டு கோடியிலும் ஒரு மூடி. துடைப்பம் இடித்து ஒரு முனை கழன்றால் மொத்த ஆபீசும் படுத்துவிடும்.

பூட்டே இல்லாத பின்

டிசி பின்னில் பூட்டு என்பதே கிடையாது. ஓர் உருளைக்குள் ஓர் ஊசி, உரசலே பிடிப்பு. வெளி உருளையின் விட்டம் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர். உள்ளே ஊசிக்கான துளை 2.1 அல்லது 2.5. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். 2.1 துளை கொண்ட பின், 2.5 ஊசியின் மேல் ஏறாது, அதனால் கெடுதலும் இல்லை. 2.5 துளை கொண்ட பின் 2.1 ஊசியின் மேல் சொகுசாக உட்கார்ந்துவிடும். ஊசியை எங்கோ ஓரிடத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். மேஜையைத் தட்டினால் ரவுட்டர் அணைந்து எழுந்தால் முதலில் இதைச் சந்தேகிக்கலாம்.

அப்படி நுனியில் மட்டும் தொடும்போது அங்கே அரை ஓம் தடை உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 2 ஆம்பியர் இழுக்கும் ஒரு கருவிக்கு அங்கேயே 1 வோல்ட் காணாமல் போகும். 2 வாட் சூடு அந்தப் புள்ளியில் இறங்கும். கடுகளவு இடத்தில் 2 வாட் என்றால், கருகி உப்பிய கறுப்புப் பின்கள் எப்படி உருவாகின்றன என்று தெரிந்துவிடும்.

இதைவிடக் கண்டுபிடிக்கச் சிரமமான கோளாறு ஒன்று உண்டு. பகல் முழுவதும் நன்றாக ஓடும் கேமரா, இருட்டியதும் மறைந்துபோகும். விடிந்ததும் திரும்பி வரும். கேமராவை மாற்றியும் தீராது. கணக்கைப் பாருங்கள். அரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.036 ஓம். பவர் சப்ளை 40 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 80 மீட்டர், சுமார் 2.9 ஓம். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் இழுக்கிறது என்றால் வழியில் போவது 0.6 வோல்ட் கூட இல்லை. இரவில் இருட்டில் பார்க்க உதவும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்ததும் 0.5 ஆம்பியர். 1.4 வோல்ட் வழியிலேயே தீர்ந்து, 12-இல் 10.6 தான் போய்ச் சேரும். 10 சதவீதம் வரை கூடக் குறையத் தாங்கும் என்று குறித்த கேமராவுக்கு 10.8-க்குக் கீழே போனால் மயக்கம். மயங்கி அணைந்ததும் விளக்கும் அணையும், வோல்டேஜ் ஏறும், கேமரா எழும், விளக்கு எரியும், மறுபடி மயக்கம். இதன்மேல் ஒரு தளர்ந்த டிசி பின்னும் சேர்ந்தால் 40 மீட்டர் கூடத் தேவையில்லை.

அடாப்டர் வாங்கும்போது எழும் நிரந்தரக் கேள்விக்கு மிக்ஸியே பதில் சொல்லும். 12 வோல்ட் கேட்கும் கருவிக்கு 12 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. 750 வாட் மிக்ஸியில் ஒரு கைப்பிடி மிளகைப் போட்டால் மோட்டார் முழு பலத்தையும் மிளகின் மேல் காட்டுவதில்லை, அரைபட எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் இழுக்கிறது. பிளஸ் நடுவிலா, வெளியிலா என்பதை மட்டும் அடாப்டர் மேல் இருக்கும் வட்டப் படத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சிசிடிவியில் பிளஸ் நடுவில். சில இசைக் கருவிகளில் தலைகீழ். பின் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும்.

யார் முதலில் தொடுவது என்பதையும் நல்ல முனை பார்த்துச் செய்கிறது. மிக்ஸியின் மூன்று கால் பிளக்கில் எர்த் கால் மற்ற இரண்டைவிடத் தடிமனாகவும் நீளமாகவும் இருக்கும். செருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியில் விட வேண்டும். பழைய அகன்ற யூஎஸ்பி முனைக்குள் எட்டிப் பார்த்தால், ஓரத்தில் இருக்கும் மின்சாரத் தகடுகள் இரண்டும் நடுவில் உள்ள தகவல் தகடுகளைவிட நீளம். அங்கும் அதே ஏற்பாடு. டிவிடி பிளேயரின் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ முனையை வடிவமைத்தவர்கள் இதைக் கோட்டைவிட்டார்கள். அதில் நடு ஊசி முதலில் தொட்டு, வெளி வளையம் அப்புறம் தொடும். ஆம்ப்ளிஃபையரை அணைக்காமல் அதைச் செருகினால் ஸ்பீக்கர் 'கொர்ர்' என்று உறுமுவது அதனால்தான்.

எட்டு விளக்கும் எரிந்தது, ஆனால்

நெட்வொர்க் கேபிளின் நுனியில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முனை ஆர்ஜே45. அதன் பூட்டு ஒரு மெல்லிய கிளிப். அது உடைந்தாலும் முனை உட்காரும், விளக்கு எரியும். அப்படியே விட்டுவிடுகிறோம். பூட்டு உடைந்த ஜாரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எத்தனை நாள் அரைப்பீர்கள்?

உள்ளே எட்டு ஒயர், எட்டுத் தங்கமுலாம் தகடுகள். ஒயரின் பிளாஸ்டிக் தோலை உரிக்கத் தேவையில்லை. கிரிம்ப் செய்யும்போது தகட்டின் கூர்முனை தோலைக் குத்திக்கொண்டு செம்புக்குள் இறங்கும். சுவருக்குள் போகும் கேபிளில் ஒற்றைத் தடிக் கம்பி, மேஜையில் கிடக்கும் பேட்ச் கார்டில் பல மெல்லிய இழைகள். இரண்டுக்கும் தகட்டின் கூர்முனை வேறு வேறு வடிவம். இழைக்கான முனையைத் தடிக்கம்பிக்குப் போட்டால் அதுவும் பிடிக்கும், ஒப்புக்கு.

எட்டு ஒயரும் நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். சிக்னல் ஒரு ஜோடியின் இரண்டு ஒயரிலும் எதிரெதிராக ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டின் மேலும் ஒரே அளவில் விழுகிறது. மறுமுனையில் இருக்கும் சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துவிடுகிறது. ஆக, இங்கே கேஸ்கட் வேலையை அந்த முறுக்கே செய்கிறது. அதனால்தான் முனைக்குள் நுழைக்கும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு. வேலை எளிதாக இருக்கட்டும் என்று ஒரு விரல் நீளத்துக்குப் பிரித்துவிட்டால், அவ்வளவு நீளத்துக்கு மூடி திறந்தே கிடக்கிறது.

எந்த ஒயர் எந்தத் தகட்டுக்கு என்பதில் ஒரு வினோதம் இருக்கிறது. 1-2 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி. நடுவில் மட்டும் 4-5 ஒரு ஜோடியாகவும், அதைக் கால் அகட்டித் தாண்டி 3-6 இன்னொரு ஜோடியாகவும் இருக்கும். பழைய டெலிபோன் இணைப்பு நடு இரண்டில் ஓடியதால் அதற்கு இடம் விட்டு வைத்த ஏற்பாடு. டி568பி வரிசை என்று பரவலாகப் போடுவது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சையின் இரண்டு ஒயரும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள்.

புதிதாகக் கை வைக்கிறவர் இங்கே தவறுவார். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று ஒழுங்காக அடுக்கி இரண்டு முனையிலும் ஒரே மாதிரி போடுவார். டெஸ்டரில் செருகினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரியும். பாவம், டெஸ்டர் பார்ப்பது ஒன்றுதான்: இந்த முனையின் 3 அந்த முனையின் 3-ஐத் தொடுகிறதா? தொடுகிறது. ஆனால் 3-இல் ஓடுவது பச்சையின் ஒரு கால், 6-இல் ஓடுவது நீலத்தின் ஒரு கால். ஒன்றோடொன்று முறுக்கப்படாத இரண்டு ஒயர் ஜோடி வேடம் போடுகின்றன. இரைச்சல் கழிவதற்குப் பதிலாகப் பக்கத்து ஜோடிக்கும் தாவுகிறது. இரண்டு மீட்டர் கேபிளில் தெரியாது. முப்பது மீட்டரில் நெட் வரும், வீடியோ கால் உடையும். கேபிள்தான் டெஸ்டில் பாஸாகிவிட்டதே என்று ரவுட்டரை மாற்றுவார்கள்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். 300 எம்பிபிஎஸ் திட்டம் போட்டிருக்கிறீர்கள், கேபிள் போட்ட லேப்டாப்பில் 94, 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறது. கம்பெனிக்குப் போன் செய்யும் முன் முனைகளைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஒயர் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒவ்வொரு ஜோடியும் 250 எம்பிபிஎஸ் சுமக்கும். மற்ற நான்கில் ஒரு தகடு பச்சை பூத்திருந்தாலும் பல கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிக்கொள்கின்றன. நின்றுபோன பிளேடு இல்லை இது, சுற்றத்தான் செய்யும், மெதுவாக.

கேட்டுவிட்டுக் கொடுக்கும் முனைகள்

படத்தை நெட்வொர்க் கேபிளிலேயே அனுப்பும் ஐபி கேமராவில், கரண்டும் இதே ஆர்ஜே45 வழியாகவே வருகிறது. பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) என்பது அதன் பெயர். 2003-இல் வந்த முதல் தரநிலையில் நெட்வொர்க் சுவிட்ச் 15.4 வாட் அனுப்பும், கேமரா 12.95 வாட்டை நம்பலாம், மீதி கேபிளுக்கான கழிவு. 2009-இல் அது 30 வாட் ஆனது, 2018-இல் 90 வரை போனது. 12 வோல்ட் 40 மீட்டரில் மயங்கியதைப் பார்த்தோம், இது 100 மீட்டர் தாங்குகிறது. காரணம், 44 முதல் 57 வோல்ட்டில் ஓடுவது. வோல்டேஜ் நான்கு மடங்கானால் அதே வாட்டுக்கு ஆம்பியர் கால்வாசி, கம்பியில் சூடாக வீணாவது பதினாறில் ஒரு பங்கு.

அவ்வளவு வோல்டேஜை லேப்டாப்பில் செருகினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, சுவிட்ச் தரநிலைப்படி செய்ததாக இருந்தால். அது முதலில் சிறிய வோல்டேஜை விட்டு மறுமுனையில் ஏறக்குறைய 25 கிலோ ஓம் தடை இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால்தான் முழுதும் திறக்கும். ஜாரைக் கப்ளரே தடவிப் பார்த்து, நம்முடையதுதான் என்று தெரிந்த பிறகு மோட்டாரை ஓட்டுவது போல. பேஸிவ் பிஓஇ என்று மலிவாக விற்கும் இன்ஜெக்டர்கள் எதையும் கேட்பதில்லை. செருகிய மறுகணம் வோல்டேஜ் போய்விடும், யார் வாங்கினாலும் சரி.

இந்தக் கேட்டுக் கொடுக்கும் பழக்கத்தை எல்லை வரை கொண்டுபோனது 2014-இல் வந்த யூஎஸ்பி-சி. 24 தொடுமுனைகள், எந்தப் பக்கமாகத் திருப்பிச் செருகினாலும் சரி. தேயக்கூடிய ஸ்பிரிங்கைப் போனில் வைக்காமல் கேபிளில் வைத்திருக்கிறார்கள். மிக்ஸியில் மோட்டார் தப்பிக்க வேண்டும் என்று கப்ளரை மெத்தென்ற பொருளில் செய்கிற அதே புத்தி. ஒரே வாய்க்குள் 5 வோல்ட்டும் வரும், 240 வாட்டும் வரும். எது என்பதைப் பேசி முடிவு செய்வதற்கென்றே சிசி என்ற தொடுமுனைகள் உண்டு. கருவியின் பக்கம் அதில் 5.1 கிலோ ஓம் தடை இருக்க வேண்டும். சில மலிவான விளக்குகளிலும் ஹெட்ஃபோன்களிலும் அந்தத் தடையைப் போடாமல் மிச்சம் பிடிக்கிறார்கள். விளைவு, பழைய அகன்ற முனைச் சார்ஜரில் அது ஏறும், இரு பக்கமும் சி உள்ள நல்ல கேபிளில் ஏறாது. வாங்கியவர் நல்ல சார்ஜரைத் திட்டுவார்.

தெரிந்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2019-இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 கம்ப்யூட்டர் பலகையில் இரண்டு சிசி முனைகளுக்கும் தனித்தனியாகத் தடை வைக்காமல் ஒன்றையே பொதுவாகப் போட்டிருந்தார்கள். சாதாரண கேபிளில் பிரச்சினை தெரியவில்லை. உள்ளே அடையாளச் சிப் வைத்த விலை உயர்ந்த கேபிளைப் போட்டால், எதிரே இருப்பது ஹெட்ஃபோன் அடாப்டர் என்று சார்ஜர் முடிவு கட்டிக் கரண்டே கொடுக்காது. பலகையின் அடுத்த பதிப்பில் இன்னொரு தடையைச் சேர்த்துச் சரிசெய்தார்கள்.